குராமிட்சு காற்று

எங்கள் பேராசிரியர் குராமிட்சு சென்செயின் நாற்காலி, அவர் ஓய்வு பெற்ற நாள்வரை புதுசாகவே இருந்தது. கைப்பிடியில் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மனிதர் உட்கார்ந்தால்தானே? படிப்பது நின்றுகொண்டு, போன் பேசுவது நடந்துகொண்டு. மதியச் சாப்பாட்டுக்கு நான் ஆர்டர் செய்துவைத்த டப்பாவை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, ஒரு வாய் சோறு, ஒரு பார்வை வானம் என்று சாப்பிடுவார். பாதி டப்பா மிச்சமாகத் திரும்பி வரும். ஊறுகாய்ப் பிளம்ஸ் மட்டும் கொட்டையோடு காணாமல் போயிருக்கும். அதை வாயில் அடக்கிக்கொண்டே மலைக்குக் கிளம்பியிருப்பார்.

மலை என்றால் குரோதானி மலை. ஃபுகுய் கடற்கரையிலிருந்து வேனில் ஏறினால் முக்கால் மணி நேரம். எங்கள் பல்கலைக்கழகத்தின் ரேடார் அங்கேதான் இருந்தது. நான் கீழே, ஆய்வக அலுவலகத்தில். கடிதம் அடிப்பது, பனிக்காலத்தில் ஆள் திரட்டி மேலே அனுப்புவது, சென்செய் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு "இப்பத்தான் இங்க நின்னாரு" என்று பதில் சொல்வது, இவையெல்லாம் என் வேலை. கடைசி வேலையிலேயே பாதி ஆயுள் போனது.

அவருடைய அப்பா மிகுனி துறைமுகத்தில் மீன் தேடும் கருவிகளைப் பழுது பார்த்தவர். படகின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை வைத்து மீன் கூட்டம் எங்கே என்று காட்டுமே, அந்தக் கருவி. தண்ணீர்க் குமிழியைப் பார்த்து வலை வீசிவிட்டு, ஒன்றும் சிக்காமல் வந்து கருவிமேல் பழி போடும் படகுக்காரர்களை அவர் கிழி கிழியென்று கிழிப்பாராம். "மெஷின் எதையும் மீன்னு சொல்லலடா, நீதான் சொன்ன!" சென்செய் இதை அப்பாவின் குரலிலேயே நடித்துக் காட்டுவார். அப்பா கீழே பார்த்தார், மகன் மேலே பார்த்தார். மற்றபடி இரண்டு பேர் தொழிலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

முதல் ரேடாரை அவர் கட்டியது கூரைமேல் நிற்கிற டி.வி. ஆன்டெனா மாதிரியான கம்பிகளை வைத்து. மலையுச்சியைச் சமப்படுத்தி, நூற்றுக்கணக்கில் வரிசையாக நட்டு, எல்லாவற்றையும் வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டார். கீழே கிராமத்தில் முள்ளங்கி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஏறி வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நட்டிருக்கீங்களே, டோக்கியோ சேனலெல்லாம் வருதா?" என்று கேட்டார். கிண்டல் என்று புரியாமல் சென்செய் அரைமணி நேரம் விளக்கினார். மேகம் வேண்டாம், மழை வேண்டாம், வெறும் காற்றிலேயே சூடும் ஈரமும் ஒரே சீராக இருக்காது. அந்த ஏற்ற இறக்கத்தில் ரேடார் அலை பட்டு, கோடியில் ஒரு துளி திரும்பி வரும். அந்தத் துளியைப் பிடித்தால் எந்த உயரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "அப்போ சேனல் வராது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு கருவி ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தால் சென்செய்க்கு இருப்புக் கொள்ளாது. உடனே பிரித்துப் போட்டுவிடுவார். முதல் ரேடார் நன்றாக ஓடியபோது இரண்டாவதைத் தொடங்கினார். அது பரிசு வாங்கியபோது அதன் வாங்கியை, அதாவது திரும்பி வரும் அலையைக் கேட்கிற பாகத்தை, சரியில்லை என்று கழற்றினார். பரிசளிப்பு விழாவில் கோட்டுப் பையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. கை கொடுக்கும்போது கீழே விழுந்து எல்லாரும் பார்த்தார்கள். அவர் மனைவி தொமோயோ அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "ஷிமோமுரா சான், கல்யாணத்துக்கு வந்த சோறு பொங்குற குக்கரையே பிரிச்ச மனுஷன் இது. சோறு நல்லாத்தான் வெந்துச்சு. அதான் பிரிச்சாராம்."

இத்தனையும் பிரித்தவர், ஒன்றை மட்டும் பிரிக்கவே இல்லை. அது ரேடாருக்கு அவரே எழுதிய ஒரு விதிமுறை.

ரேடார் ஐந்து பக்கம் பார்க்கும். நேர் மேலே ஒன்று, சாய்வாக நான்கு. ஐந்தும் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தினால் அது காற்று. ஒன்று மட்டும் தனியாக உளறினால் அது விமானமோ, பறவையோ, என்னமோ. தூக்கிப் போடு. எல்லாரும் ஒத்துச் சொன்னால் உண்மை, ஒருத்தன் மட்டும் மாற்றிச் சொன்னால் கோளாறு. எங்கள் ஊர்க் கூட்டங்களும் அப்படித்தான் நடக்கும், அதனால் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. இளவயதில் எழுதிய அந்த விதியை நாடெங்கும் ரேடார்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த விதியில் சலித்துக் கிடைத்ததுதான் குராமிட்சு காற்று. அக்டோபர் மாதம், வானம் தெளிந்த நாட்களில், சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் மலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் வடக்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும். மெலிசான அடுக்கு, நல்ல வேகம். ஐந்து பக்கமும் அச்சு அசலாக ஒத்துச் சொல்லும். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த இனிப்புக் கடைக்காரர் பயற்றம் பூரணம் வைத்து, மேலே மூன்று வளைகோடு போட்டு, 'குராமிட்சு காற்று' என்றே ஒரு பண்டம் விற்க ஆரம்பித்தார். நல்ல ருசி, அதில் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் காற்று ஏன் அடிக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் இகெதா. சென்செயிடம் ஆய்வு செய்து, அங்கேயே இணைப் பேராசிரியர் ஆனவர். நாற்பதைத் தாண்டியவர், நிதானி. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். கடலின் சூடு, நிலத்தின் குளிர், மலையின் சரிவு என்று எல்லாவற்றையும் சேர்த்து அவர் எழுதிய கோட்பாடு அந்தக் காற்றுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. சென்செய் போனபின் அந்த இடத்துக்கு இகெதாதான் என்பது பேச்சு. குரோதானியில் புதிய ரேடார் வேண்டுமென்று அவர் போட்ட திட்டமும் அந்தக் காற்றை நம்பித்தான் நின்றது.

சென்செய்க்கு மட்டும் ஒரு உறுத்தல். கடற்கரை வானிலை நிலையத்தில் காற்றை அளக்க விடுகிற பலூன் அந்தக் காற்றை ஒருநாளும் பார்க்கவில்லை. "அது மலைக்கு மட்டும் உள்ள காற்று, சென்செய். பலூன் எப்படிப் பார்க்கும்?" என்பார் இகெதா. சென்செய் தலையாட்டுவார். பிறகு தாழ்வாரத்தில் மேலும் கீழுமாக நடப்பார். அக்டோபர் வந்தாலே அவர் செருப்புச் சத்தம் எனக்குத் தலைவலி.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய அக்டோபரில், மலைமேல் கண்டெய்னரில் கிடந்த பழைய கருவிகளைக் கழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்க நானும் போனேன். அந்தக் குப்பையில் ஒரு மரப்பெட்டியைக் கண்டதும் சென்செய் முகம் மலர்ந்தது. அவர் இளவயதில் செய்த ஒலிப் பெட்டி அது. திரும்பி வரும் ரேடார் அலையைக் காதுக்குக் கேட்கிற சத்தமாக மாற்றித் தரும். கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் வண்ணப் படமாகக் காட்டத் தொடங்கியபின் அதை யாரும் சீண்டவில்லை.

"தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கறேனே" என்றார்.

"வேன் நிக்குது, சென்செய். இருட்டப் போகுது."

"அஞ்சே நிமிஷம்."

அவருடைய ஐந்து நிமிஷம் எனக்குத் தெரியும். டிரைவரிடம் போய் நூடுல்ஸ் சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். சூரியன் கடலில் இறங்கிவிட்டது. பெட்டியை மாட்டிவிட்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்து நின்றார். முதலில் அரிசி களைகிற மாதிரி ஒரே சீராக ஒரு இரைச்சல். "இதுதான் காற்று" என்று பெருமையாகச் சொன்னார். அரிசி களைவதை அவர் வீட்டில் கேட்டிருக்க நியாயமில்லை, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மாறியது. இரைச்சலுக்கு மேலே படபடவென்று ஏதோ கேட்டது.

"துணி உதறுறாங்களா?" என்று கேட்டேன்.

 சென்செய் அசையவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு ஓட்டமாக வெளியே போனார். ஆன்டெனாக்களுக்கு நடுவே நின்று, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். நானும் போய் நின்றேன். மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து, மெல்லிசாகக் கீச்சுக்குரல்கள் வந்தன. ஒன்றில்லை, இரண்டில்லை. வடக்கிலிருந்து தெற்கே விடாமல் போய்க்கொண்டே இருந்தன.

துகுமி. அக்டோபரில் சைபீரியாவிலிருந்து கடலைத் தாண்டி எங்கள் மலைகளுக்குமேல் வரும் பறவை. பிடிக்கக்கூடாது என்று சட்டம் வருவதற்கு முன்னால் எங்கள் ஜில்லாவில் வலைபோட்டுப் பிடித்துச் சுட்டுத் தின்ற பறவை. அது வராத அக்டோபர் கிடையாது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும், சென்செய்க்குத் தெரியும், இகெதாவுக்கும் தெரியும். ஒற்றைப் பறவையை விதி தூக்கிப் போடும். ஆயிரக்கணக்கில் ஒரே திசையில், ஒரே வேகத்தில் பறந்தால்? ஐந்து பக்கமும் ஒத்துத்தானே சொல்லும்.

"மீன் கூட்டம் தேடுற வீட்டுல பொறந்தேன்" என்றார் சென்செய்.  "பறவைக் கூட்டத்தக் கோட்ட விட்டுட்டேன். அப்பா இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு."

வேனில் திரும்பும்போது வழியெல்லாம் முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தார். என் கவலை அவரைப் பற்றி இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகிறவர். நான் நினைத்தது இகெதாவை. இல்லாத காற்றுக்குப் பதினைந்து வருஷம் கணக்குப் போட்ட மனிதர் அவர். பொண்ணு அப்போது நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக் கடன் வேறு.

அந்த மாதம் முழுக்க மாலையானால் சென்செய் மலைக்குப் போனார். தெளிந்த நாளில் படபடப்பு வந்தது, மழை நாளில் வரவில்லை. நவம்பரில் பறவை நின்றது, காற்றும் நின்றது. பனி விழத் தொடங்கியபின் ஒருநாள் இகெதாவை அறைக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். நான் தேநீர் கொண்டுபோனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, அதனால் நின்றேன்.

இகெதா முழுவதையும் கேட்டார். கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"மார்ச்ல உங்க கடைசி விரிவுரை இருக்கு" என்றார். "திட்டத்துக்கு முடிவு ஏப்ரல்ல வருது. அதுக்கப்புறம் நான் மெதுவாச் சொல்லிக்கறேன், சென்செய். ஒரு சின்னக் கட்டுரை. பறவையும் கொஞ்சம் கலந்திருக்கலாம்னு ஆரம்பிச்சு, படிப்படியா..."

"கொஞ்சம் இல்ல, இகெதா குன். மொத்தமும் பறவைதான்."

"தெரியுது. காது இருக்கு எனக்கு." அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "நாலு மாசம்தான் கேக்கறேன். பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருங்கன்னுதான் சொல்றேன்."

சென்செய் ஜன்னல் பக்கம் போனார், கதவுப் பக்கம் போனார், திரும்பவும் ஜன்னலுக்கு வந்தார். "யோசிக்கறேன்" என்றார்.

எங்கள் ஊரில் யோசிக்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம். இகெதா எழுந்து தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா இருங்கன்னுதானே கேக்கறாரு? ஒரு நாலு மாசம் உங்களால சும்மா இருக்க முடியாதா?"

"ஷிமோமுரா சான், நான் என்னிக்காவது சும்மா இருந்து பாத்திருக்கீங்களா?"

"உங்க பழக்கத்துக்கு அவர் வயித்துல ஏன் அடிக்கறீங்க?"

 பாதி டப்பாவை என்னிடம் நீட்டினார். அன்று பிளம்ஸையும் தொடவில்லை.

ஓய்வு பெறும் பேராசிரியரின் கடைசி விரிவுரை என்பது எங்கள் பக்கம் கிட்டத்தட்ட கல்யாணம் மாதிரி. பழைய மாணவர்கள் ஊர் ஊராக இருந்து வருவார்கள். அவர் சின்ன வயதுப் படத்தைத் திரையில் காட்டி நாலு சிரிப்பு, மனைவிக்கு ஒரு நன்றி, நீளமாகக் கைதட்டல், பூங்கொத்து, அப்புறம் விருந்து. கேள்வி கேட்பது கிடையாது. கேள்வி கேட்பவனை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான்தான் அழைப்பு அனுப்பினேன், பூவுக்குச் சொன்னேன். ஒவ்வொரு இருக்கையிலும் வைக்க இனிப்புக் கடையில் 'குராமிட்சு காற்று' பெட்டிகளுக்கும் சொன்னேன். வேறு இனிப்பு வைத்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். என்ன சந்தேகம், யாருக்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அரங்கு நிறைந்துவிட்டது. தொமோயோ அம்மா முன்வரிசையில், கிமோனோவில். இகெதா பக்கவாட்டில், மடியில் இனிப்புப் பெட்டி. சென்செய் மேடையில் நடந்துகொண்டே பேசினார். மிகுனி துறைமுகம், டி.வி. ஆன்டெனா, டோக்கியோ சேனல். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவேளை சும்மா இருந்துவிடுவாரோ என்று நான் நம்ப ஆரம்பித்த நேரம், மேஜைக்கு அடியிலிருந்து அந்த மரப்பெட்டியை எடுத்தார்.

அரிசி களைகிற இரைச்சல் அரங்கு முழுக்கப் பரவியது. "இது காற்று" என்றார். பிறகு படபடப்பு வந்தது. ஓடவிட்டார். நீங்கள் மடியில் வைத்திருக்கும் பெட்டியில் என் பெயரில் இருப்பது இதுதான், இது காற்றில்லை, துகுமி என்றார். தான் எழுதிய விதி எங்கே ஏமாந்தது என்று, அந்தப் பெரியவருக்கு விளக்கியதைவிடத் தெளிவாக விளக்கினார். இந்தக் காற்றை நம்பிக் கணக்குப் போட்டவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை, அவர்களுக்குப் பொய்க் காற்றைக் கொடுத்தது நான் என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் அத்தனை தலையும் இகெதா பக்கம்தான் திரும்பியது.

பூங்கொத்தோடு நின்ற பெண் என்னைப் பார்த்தாள். நான் சைகை காட்ட வேண்டிய நேரம். கையைத் தூக்கினேன்.

"இருங்க" என்றார் சென்செய். "கேள்விகள்?"

 எவரோ இனிப்புப் பெட்டியின் தாளை நெருடும் சத்தம் மட்டும் கேட்டது. சென்செய் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். அவர் கண் ஒரே இடத்தில் இருந்தது.

இகெதா எழுந்தார்.

"என்னோட கோட்பாடு இந்தக் காற்றுக்கு அப்படியே பொருந்திச்சு" என்றார். "இல்லாத காற்றுக்கு எப்படிப் பொருந்திச்சு?"

"தெரியல" என்றார் சென்செய்.

"எனக்குத் தெரியும். உங்க முடிவு கைல இருந்துச்சு. அது வர்ற வரைக்கும் நான் கணக்கத் திருத்தினேன்." இனிப்புப் பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரு வணக்கம் போட்டு, வெளியே போய்விட்டார். பூங்கொத்தை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலையில் புதிய ரேடார் திட்டத்தை இகெதாவே திரும்பப் பெற்றார். யாரும் கேட்பதற்கு முன்னால். அந்தப் பேராசிரியர் பதவிக்கு வேறு ஊரிலிருந்து ஆள் வந்தார். இகெதா இணைப் பேராசிரியராகவே, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சென்செயிடமிருந்து போன் வந்தால் வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொல்வார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, நானும் சொன்னேன். வீட்டில் சென்செய் கடிகாரங்களைப் பிரித்துக்கொண்டிருப்பதாகத் தொமோயோ அம்மா சொன்னார். "இந்த வீட்டுல இப்ப மணியே தெரியறதில்ல, ஷிமோமுரா சான்."

அக்டோபர் வந்தது. ஒருநாள் மதியம் இகெதா என் மேஜைக்கு வந்து, "சாயங்காலம் மலைக்கு வேன் வேணும். போற வழியில அவரையும் ஏத்திக்கச் சொல்லுங்க" என்றார். எவரை என்று கேட்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எனக்கும் ஒரு இடம் வைத்துக்கொண்டேன், யாரும் கூப்பிடவில்லை என்றாலும்.

 மேலே போனால், ஆன்டெனாக்களுக்கு நடுவே அந்த மரப்பெட்டி, ஸ்பீக்கர், பக்கத்தில் இரண்டு மடக்கு நாற்காலி. இகெதா முதல்நாளே வந்து போட்டிருக்கிறார். கடல் பக்கம் வெளிச்சம் அணைந்துகொண்டிருந்தது. சென்செய் பெட்டியைச் சுற்றி ஒரு நடை, ஆன்டெனா வரிசையில் ஒரு நடை. கை ஸ்குரூ டிரைவரைத் தேடி, கோட்டுப் பையைத் தடவியது.

"பழைய பதிவுகளை எல்லாம் திரும்ப எடுத்துட்டேன்" என்றார் இகெதா, அவரைப் பார்க்காமல். "காற்றுன்னு எழுதி வெச்சதுல எத்தனை பறவைன்னு எண்ணணும். முடிக்கப் பத்து வருஷம் ஆகும். நீங்க அன்னிக்குச் சும்மா இருந்திருந்தா நான் இந்நேரம் பேராசிரியர்."

"மன்னிச்சுடு, இகெதா குன்."

"மன்னிக்கல" என்றார் இகெதா. ஒரு நாற்காலியை விரித்து அவர் பக்கம் தள்ளினார். "காது உங்களுக்குத்தான் நல்லாக் கேக்கும். உக்காருங்க."

ஸ்பீக்கரில் படபடப்பு தொடங்கியது. சென்செய் உட்கார்ந்தார்.